மேடையில் பால்மரம் நடும் நண்பனுக்கு

சுங்கை சிப்புட், பேராக்.

அன்பு மச்சான்,

உன் கடிதமும் நாடகத்தின் முதல் மூன்று காட்சிகளும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லாரும் நலம். மத்தியானம் கொளுத்துகிறது, நாலு மணிக்கு மேல் கொட்டித் தீர்க்கிறது. அந்த விஷயத்தில் ஊர் மாறவேயில்லை. மாறியது மரம்தான். எங்கே திரும்பினாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. பால்மரம், அந்த ரப்பர் மரம், பார்க்க வேண்டுமென்றால் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

மெல்பர்னில் பிறந்த பிள்ளைகளை வைத்துத் தோட்டத்து நாடகம் போடுகிறாய் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? கதையில் நான் கை வைக்கவில்லை. கண்ணீர் தேவைக்கு மேலேயே இருக்கிறது, அது உன் பாடு. ஆனால் உன் தோட்டத்தில் கடிகாரம் ஓடவில்லை, மச்சான். பத்து மணி வெயிலில் ஜனங்கள் சாவகாசமாகப் பால் வெட்டுகிறார்கள், வெள்ளைக்கார மேனேஜர் துரை வந்து கத்துகிறார், உடனே பாட்டு. தோட்டத்தில் துரைக்கும் மேலே ஒரு துரை உண்டு, அது பால். எப்போது வடியும், எப்போது நிற்கும், எப்போது கெட்டுப்போகும் என்று அது வைத்த நேரத்துக்குத்தான் துரையும் கணக்கெழுதும் கிராணியும் வேலையை மேற்பார்க்கும் கங்காணியும், ஆயா பார்த்துக்கொள்ளும் கொட்டகைப் பிள்ளையும் எழுந்தார்கள். அந்த நேரத்தைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து உட்காரும்.

முதலில் அந்தக் கூடையைக் கழற்று. முதுகில் கூடையோடு பெண்கள் வரிசையாக நின்று பாடுவது தேயிலைத் தோட்டம். எஸ்டேட் என்றாலே தமிழ்ப் படங்கள் மலைச்சரிவையும் கொழுந்தையும் காட்டிக் காட்டி, பால்மரத்தடியில் வளர்ந்த நமக்கே அதுதான் முதலில் கண்ணில் வருகிறது. இங்கே தேயிலை பெரும்பாலும் கேமரன் மலையோடு சரி. பால்மரத்தில் ஆளுக்கொரு நிரை, அதாவது ஒருவர் ஒரு நாளில் வெட்ட வேண்டிய மரங்கள், 400 முதல் 600 வரை. தனியாகத்தான் போக வேண்டும். அடுத்த நிரைக்காரி கூப்பிட்டால் காதில் விழும், முகம் தெரியாது. சேர்ந்து பாடுவதை, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வை, அல்லது பால் நிறுக்க ஸ்டோரில் நிற்கும்போது வை. நிரைக்குள் ஒரு குரல் போதும். பதில் குரல் மேடைக்கு வெளியே எங்கிருந்தாவது வரட்டும்.

இனி நேரம். இரவில் இலை வழியாக நீர் போவது குறைவு என்பதால் விடியும் முன் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற அது தளரும், பாலும் சீக்கிரம் நின்றுபோகும். அதனால்தான் இருட்டோடு பெரட்டு, பட்டை கண்ணுக்குத் தெரிந்ததும் முதல் வெட்டு. நிரையை முடிக்க மூன்று நாலு மணி நேரம். ஒரு மரம் வடிவது இரண்டு மூன்று மணி நேரம். கடைசி மரத்தை வெட்டி முடிப்பதற்குள் முதல் மரம் நின்றிருக்கும். பசியாறிவிட்டு வாளியைத் தூக்கினால் நேரம் சரியாக இருக்கும். கை மெதுவானால் கடைசி நூறு மரம் வெயிலில் மாட்டிக்கொள்ளும், அன்றைய பால் குறையும், ஸ்டோரில் பேச்சு வாங்க வேண்டும்.

முதல் காட்சிக் குறிப்பில் ‘1955, மணி 7, விடிகிறது’ என்று போட்டிருக்கிறாய். இப்போதைய கடிகாரத்துக்கு அது சரி. ஆனால் மலேசியத் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது 1982 ஜனவரி 1-ஆம் தேதிதான். 1955-இல் இதே சூரியன் 6.30-ஐ ஒட்டி எழுந்துவிட்டது; 7 மணிக்கு ஆள் பாதி நிரையை நோக்கிப் போய்க்கொண்டிருப்பாள். யுத்தத்தில் ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் இன்னும் கூத்து. தோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்து திணித்தான், முன்பிருந்ததைவிட ஒன்றரை மணி நேரம் அதிகம். மணி எட்டு ஆகும்போதுதான் இங்கே விடியும். உன் மூன்றாம் காட்சி அந்தக் காலத்தில்தானே நடக்கிறது? ஆபீஸ் சுவரில் ஒரு கடிகாரத்தை மாட்டி, முள்ளை எட்டில் வைத்து, மேடையை இருட்டாக விடு. ஆட்சி மாறியதைச் சொல்ல அந்த நீளமான வசனம் தேவைப்படாது.

ஒத்திகை வீடியோவில் உன் பையன்கள் கத்தியை ஓங்கி மரத்தைக் கொத்துகிறார்கள். விறகா பிளக்கிறார்கள்? பால்வெட்டுக் கத்தியின் நுனி மடங்கியிருக்கும், அது இழுத்துச் சீவுகிற கத்தி. முந்திய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பாக நாடா மாதிரி உரித்துப் பைக்குள் போடுவது முதல் வேலை. பால் வடியும் கிண்ணமான மங்கில் உறைந்துகிடக்கும் கட்டிப்பாலும் அதே பைக்குள் போகும். மங்கைத் துடைத்துக் கம்பி வளையத்தில் வைத்துவிட்டு, கத்தியை இடது மேல் முனையில் கொடுத்து, வலது பக்கம் கீழே இறங்கும்படி குட்டைக் குட்டை இழுப்பாகக் கொண்டுவர வேண்டும். கை இழுக்க, கால் மரத்தைச் சுற்றி நகரும். மரத்தின் பாதிச் சுற்றளவு, சுமார் 30 பாகைச் சரிவு.

இடது ஏன் உயரம் என்று யாராவது பிள்ளை கேட்கும், சொல்லி வை. பால்குழாய்கள் நெட்டுக்குத்தாக ஏறாமல் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடது உயர்ந்து வலது தாழ்ந்தால் கூடுதலான குழாய் அறுபடும், கூடுதலாகப் பால் வரும். உன் அட்டை மரத்தில் அது தலைகீழாக வரையப்பட்டிருக்கிறது. தோட்டத்து ஆள் யாராவது பார்த்தால் முதல் வரிசையிலேயே சிரித்துவிடுவார்.

சீவலின் தடிமன் 1.5 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் பட்டை வீண், மரத்தின் ஆயுள் குறையும். ஆழம் போதாவிட்டால் பால் இல்லை, ஏனென்றால் பால்குழாய்கள் உள்பட்டையில்தான் நெருக்கம். ஆழம் மிஞ்சி மரக்கட்டையைத் தொட்டால் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும், சில வருஷம் கழித்துத் திரும்ப வரும்போது அங்கே கத்தி ஓடாது. கட்டைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு நிறுத்த வேண்டும், அதுவும் அரை வெளிச்சத்தில், கொசுக்கடியில். கங்காணி பின்னால் வந்து காயம் எண்ணுவது இதற்காகத்தான். உன் கதாநாயகி சோகமாக வெட்டுகிறாள், சரி. ஆனால் மேலே பார்த்துக்கொண்டே வெட்டுகிறாள். கண் கத்தி நுனியை விட்டு நகரக் கூடாது. சோகத்தை அடுத்த மரத்துக்கு நடக்கும்போது காட்டட்டும்.

மரத்திலேயே காலத்தைக் காட்டலாம். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டினால், மழையும் இலையுதிர்வும் போக வருஷத்துக்கு 150 வெட்டுக்குக் கொஞ்சம் மேல். அப்படியென்றால் 22 முதல் 25 செண்டிமீட்டர் பட்டை தேயும். இரண்டு வருஷத்தில் ஒரு முழம். முதல் காட்சியில் நெஞ்சு உயரத்தில் இருந்த வெட்டு, ‘இரண்டு ஆண்டுகளுக்குப் பின்’ இடுப்புக்கு இறங்கியிருக்க வேண்டும். மூன்று அட்டை உறை செய்து காட்சிக்குக் காட்சி மாற்று. கிழட்டு மரம் வேண்டுமென்றால், 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் இங்கே பேராக்கில் கோலகங்சாருக்கு வந்த ஒன்பதில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. ஆனால் அதன் தோற்றத்தை உன் மேடைக்கு எடுக்காதே. வெட்டுத் தோட்டத்து மரம் அவ்வளவு பருமன் ஆகாது. சுற்றளவு 50 செண்டிமீட்டர் வந்ததும் கத்தி வைத்துவிடுவார்கள். அதற்கே ஐந்தாறு வருஷம் ஆகும்.

உண்மையான நாடகம் மழையில் இருக்கிறது. விடியற்காலை மழை என்றால் பட்டை நனைந்திருக்கும், பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெங்கும் பரவி வீணாகும். அன்றைக்கு வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளம் இல்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் எல்லாரும் வானத்தைப் பார்த்து நிற்பதைக் காட்டு. அதைவிடக் கொடுமை, வெட்டி முடித்து வடிந்துகொண்டிருக்கும்போது தூறல் விழுவது. மங்கில் தண்ணீர் ஏறினால் எல்லாம் போச்சு. அப்போது தோள் கம்பில் தொங்கும் காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு நிரை நிரையாக ஓடுவார்கள், புருஷன், பெண்டாட்டி, கிடைத்த பிள்ளைகள் எல்லாரும். உன் இரண்டாம் காட்சியில் சண்டை வேண்டுமென்று வில்லனைத் தேடுகிறாய். இந்தத் தூறலை விடு, போதும்.

அடுத்தது ஸ்டோர். தாமதமானால் வாளியிலேயே பால் திரண்டுவிடும். அதற்குத்தான் அமோனியா சில துளி. கிராணி நிறுப்பார், பாலில் மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை மிதக்கவிட்டு எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பார். பாலில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். இந்த ஒரு நிமிஷத்தில் எத்தனை சந்தேகம்: தண்ணீர் கலந்தாயா என்று அவருக்கு, தராசு முள்ளைச் சரியாகப் பார்த்தாரா என்று பால் கொண்டுவந்தவளுக்கு. சவுக்கோடு துரை குதிரையில் வருவதைவிட இது எவ்வளவோ கூர்மை. துரையை வைத்தே ஆக வேண்டுமென்றால் சைக்கிளைக் கொண்டு வா. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தில் வைத்த கோரிக்கைகளில், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னதும் ஒன்று. ஒருவன் இறங்குகிறான், அடுத்தவன் இறங்கவில்லை. வசனமே வேண்டாம்.

காலக் குழப்பம் சில. உன் தாத்தா பாத்திரத்தைக் கங்காணி 1950-இல் கப்பலேற்றி வருகிறான். முடியாது. பயண உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசாங்கம் 1938-இலேயே நிறுத்திவிட்டது. அவரை 1937-இல் வரவிடு. கப்பல் ‘ரஜுலா’ என்றே போட்டுக்கொள், அது 1926-இலிருந்து 1973 வரை ஓடியது. நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கட்டும். அதே 1950-இல் நாயகி தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போகிறாள். 1948 ஜூன் 16-ஆம் தேதி நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, சில நாளில் மலாயா முழுக்க அவசரகாலம் வந்தது. அதன்பின் பல தோட்டங்களில் லயத்தைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை. சோறு காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குப் போய்விடும் என்று கட்டுப்பாடு இருந்த இடங்களில் அதை வேலிக்கு வெளியே கொண்டுபோக முடியாது. தூக்குச்சட்டியை வாசலில் திறக்கச் சொல்வதையே ஒரு காட்சியாக்கு. இடுப்பில் அடையாள அட்டையும் இருக்கட்டும், 1948-இல் தொடங்கியதுதான் அதுவும்.

பாட்டு விஷயத்தில் நீ கெட்டிக்காரன், ஆனாலும் ஜப்பான்காரன் காட்சியின் பின்னணியில் ‘ஹரிதாஸ்’ பாட்டு வேண்டாம். படம் 1944 தீபாவளிக்கு அங்கே வந்தது. யுத்தம் முடியாமல் இங்கே வர வழியில்லை. அதற்கு முந்திய பாகவதர் இசைத்தட்டு ஒன்றைப் போடு. சிவாஜி வசனத்தை யாரும் 1950-இல் பேச வேண்டாம், அவர் திரைக்கு வந்தது 1952-இல். சம்பளத்தை ரூபாயில் எண்ணாதே, வெள்ளியும் காசும்தான்.

உடுப்பைப் பற்றி ஒன்று. வெள்ளைச் சேலையில் வெள்ளைப் பால் சிந்தினால் அழகு என்று எழுதியிருக்கிறாய். பால் காய்ந்தால் கறுத்துப்போகும், துவைத்தாலும் போகாது. வெட்டுச் சட்டை என்றால் முன்பக்கம் கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக விறைத்திருக்க வேண்டும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்புக்குப் பின்னால் புகையும் கொசுவர்த்தி. மங்கில் ஊற்றப் பசும்பால் வேண்டாம், மேடை வெளிச்சத்தில் தண்ணீராகத் தெரியும். தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து பார்.

ஒரு கத்தி, ஆறு மங்கு, கம்பி வளையம், பால் வழிய மரத்தில் அடிக்கும் தகரப் பீலி எல்லாம் அனுப்புகிறேன். ரப்பர்க்கொட்டை மட்டும் கேட்காதே, உங்கள் ஆஸ்திரேலியாக்காரன் விதையைக் கண்டால் பார்சலையே பிடித்துவைப்பான். கொட்டை வெடிக்கும் சத்தத்தைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன். திருத்திய காட்சியை அனுப்பு, கிராணியாக யார் நடிக்கிறார் என்றும் எழுது. முகவரியில் அஞ்சல் எண்ணை மட்டும் தெளிவாகப் போடு. உன் ஒன்றும் ஏழும் எனக்கு ஒரே மாதிரி தெரிகிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்