நம்ம வார்டு வேட்பாளர் பற்றி

குழு உறவுகள் எல்லாருக்கும் வணக்கம். நேத்து சாயங்காலம் வலைக் கொட்டகையில நம்ம வார்டுல நிக்கிற அக்காவோட பேசுனோம். வர முடியாதவங்களுக்காக எழுதுறேன்.

சின்ன வயசுல இருந்து கடல்பாசி எடுத்தவங்க. விரல்ல துணி சுத்திட்டு கடல்ல முங்குன கை, பாறை கிழிச்ச தழும்பு இன்னும் இருக்கு. மன்னார் வளைகுடாவுல 21 தீவும் 1986-ல தேசியப் பூங்கா ஆச்சுல்ல, பின்னாடி பாசி எடுக்கக் கெடுபிடி வந்தப்போ பெண்களைச் சேத்து மனு எழுதுனதும் இவங்கதான்.

முதல்ல தண்ணி. காவிரிக் கூட்டுக்குடிநீர் கடைசித் தெருவுக்கு வரும்போது நூலா ஒழுகுது. எந்தத் தெருவுக்கு எந்த நேரம்னு பலகை வைக்கணும், குழாய் முனையில அழுத்தம் பாக்கணும்னு சொல்றாங்க. விடியக்காலை கரைக்குப் போற பெண்களுக்குக் கழிப்பறை, விளக்கு. சாக்கடை கடல்ல விழுறதை நிறுத்தணும்.

61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணம், படகு பறிமுதல் பத்தியும் கேட்டோம். “அது கவுன்சிலர் கையில இல்லை, மனுதான் கொடுக்க முடியும்”னு நேராச் சொன்னாங்க. எனக்கு அந்தப் பதில்தான் ரொம்பப் பிடிச்சது.

ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு அதே கொட்டகையில மறுபடி வர்றாங்க. குப்பை வண்டி பத்தி யாரும் கேக்கலை, மறக்காம கேளுங்க.