வலப்பக்கம் உட்கார், அக்கா

ஸ்டாக்ஹோம்,
ஐப்பசி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். நீயும் மாமாவும் குழந்தைகளும் நலமா? ஈரோட்டு நண்பர் கையில் நீ கொடுத்தனுப்பிய கொள்ளு வந்து சேர்ந்தது. நேற்றே கொள்ளுப்பருப்பு கடைந்துவிட்டேன். பாப்பா முதல் வாயிலேயே சப்புக்கொட்டினாள்.

இப்போது இங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆறு மாத விடுப்பில் இருக்கிறேன். இந்த நாட்டில் ஒரு குழந்தைக்கு 480 நாள் விடுப்பு. அதில் 90 நாள் அப்பாவுக்கென்றே ஒதுக்கியது. 1974இலிருந்தே அப்பாக்களுக்கும் இது உண்டு. காலையில் பூங்காவுக்குப் போனால் தள்ளுவண்டியோடு வருகிறவர்களில் பாதிப்பேர் ஆண்கள். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. யார்மேல் என்று உனக்குத் தெரியும். நான் பிறந்தபோது அப்பா நாக்பூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தை நான்கு மாதம் கழித்துத்தான் பார்த்தார்.

போன செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுக்கு ஆழ்துளை போடும் ரிக் வண்டி வந்தது. ஆமாம் அக்கா, திருச்செங்கோட்டில் தெருவுக்குத் தெரு நிற்கும் அதே ரிக் வண்டிதான். ஆனால் தண்ணீருக்காக வரவில்லை. இங்கே வீட்டைச் சூடாக்கப் பாறையில் துளை போடுகிறார்கள். நூற்றைம்பது, இருநூறு மீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறக்கி, அதில் உறையாத திரவத்தைச் சுற்றவிடுகிறார்கள். மேலே பனி மூடிக் கிடந்தாலும் உள்ளே பாறை ஏழெட்டு டிகிரியில் மாறாமல் இருக்கிறது. அந்தக் கொஞ்சச் சூட்டை ஓர் இயந்திரம் இழுத்துப் பெருக்கி வீட்டுக்குள் விடுகிறது.

அதே ராடு, அதே சுத்தி, அதே கம்ப்ரசர். கல்லும் நம் கரட்டுக் கல்லைப் போன்ற கருங்கல்தான். ஆனால் தூசி பறக்கவில்லை. துகள் எல்லாம் தண்ணீரோடு குழாய் வழியாக மூடிய தொட்டிக்குள் போயிற்று. வேலை செய்த இருவர் காதிலும் தடித்த மூடி. அப்பா காதில் ஒரு துண்டுப் பஞ்சாவது பார்த்திருக்கிறாயா? மழைக்காலத்தில் வண்டி ஊர் திரும்பும்போது அவர் புருவம்கூட வெளுத்திருக்கும். மாவு மில்லிலிருந்து வருகிறாயா என்று ஆத்தா கேட்பாள்.

அந்த இருவரில் பெரியவர் காபி குடிக்க உட்கார்ந்தபோது, என் அப்பாவுக்கும் இதே தொழில்தான் என்று பேச்சுக் கொடுத்தேன். அவர் கையைக் காட்டி என்னை மறுபக்கம் வரச் சொன்னார். இடக் காதில் கருவி இருந்தது. இளவயதில் மூடி இல்லாமல் வேலை செய்ததில் போய்விட்டதாம். "என் மகள் சிறியவளாக இருந்தபோது, அப்பா எப்போதும் கத்துகிறார் என்று அழுவாள். நான் சாதாரணமாகத்தான் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு, விளக்குக்கூடப் போடாமல் அடுக்களையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா அப்பாவைச் சாப்பிட வாயால் கூப்பிட மாட்டாள். கரண்டியால் வட்டிலைத் தட்டுவாள். அதைக் கோபம் என்றுதானே நினைத்தோம்? பரிமாற வந்தால் வலப்பக்கமாகத்தான் வருவாள். அவர் பேசினால் திண்ணை அதிரும், நாம் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்கு ஓடிவிடுவோம். எஸ்டிடி பூத்திலிருந்து அவர் கூப்பிடும்போதெல்லாம், நாம் என்ன சொன்னாலும் "சரி, சரி" என்று வைத்துவிடுவார். நாள் முழுக்கக் கம்ப்ரசர் இரைந்த காதில் நம் குரல் எவ்வளவு விழுந்திருக்கும்?

அப்புறம் உன் மதிப்பெண். பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,094. போனில் சொல்ல மாட்டேன், நேரில்தான் சொல்வேன் என்று ஐந்து மாதம் காத்திருந்தாய். அவர் வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். நீ இடப்பக்கம் தூணருகே நின்று சொன்னாய். அவர் திரும்பவே இல்லை. நீ உள்ளே போய்ப் பட்டியலைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாய். அன்று அவருக்குக் கேட்கவில்லை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடப்பக்கத்தைப் போன செவ்வாய் இரவு முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. திருச்செங்கோட்டு மலைக்கோயிலின் அறுபதாம் படியில் சூடம் அணைத்து இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தவர், ஒன்பதாம் நாளே குடித்துவிட்டு வந்தார். மலையில் செய்த சத்தியம் பொய்த்தால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அம்மா எத்தனை ஆண்டு பயந்து கிடந்தாள்! அவள் தோட்டை அடகு வைத்தார். அவளை அடித்தார். காது கேட்காததற்கும் கை ஓங்கியதற்கும் சம்பந்தமில்லை. அதை அவர் அம்மாவிடம் தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதை மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் பாடு.

ஆனால் என் மனத்தில் இத்தனை காலம் கிடந்தது பெரும்பாலும் வேறு. நம்மை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்பதுதான் அது. அதை விட்டுவிட்டேன். வைகாசித் தேருக்கு ஊரே கூடும்போது அவருக்கு வேலை உச்சத்தில் இருக்கும். அவர் தேர் பார்த்த ஆண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் இங்கு வந்து எட்டு ஆண்டு ஆகிறது, நானும் ஒரு தேர் பார்க்கவில்லை. எனக்காவது தினமும் முகம் பார்த்துப் பேசப் போன் இருக்கிறது. அவர் லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கி நமக்குப் பள்ளிக் கட்டணம் அனுப்பினார். அதில் பாதியைக் குடித்தார் என்பதும் உண்மை, மீதியில்தான் நாம் படித்தோம் என்பதும் உண்மை.

அவரை அரசு மருத்துவமனையில் காது மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாமக்கல்லில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் கருவி இலவசமாகக் கிடைக்கும். வேறு நல்லது வேண்டுமென்றால் பணம் அனுப்புகிறேன். எனக்கென்ன கேடு என்று கத்துவார், விடாதே.

நீ அவரோடு பேசி நான்கு ஆண்டு ஆகிறது. பேசு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாமாவை அனுப்பினாலும் போதும். நீயே போவதாக இருந்தால், பஸ்ஸில் அவருக்கு வலப்பக்கமாக உட்கார். மனம் வந்தால் அந்த 1,094ஐ ஒருமுறை சொல்லிப் பார்.

இப்படிக்கு,
உன் தம்பி