தாத்தா முணுமுணுத்த ‘நாம் சுவங்’: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

போன மாதம் தாத்தாவின் திவசத்தன்று, அவருடைய பட்டாளத்துக் காகிதங்களைத் தொகுத்துப் பதினாறு பக்கத்தில் சிறு புத்தகமாகப் போட்டு உறவுக்காரர்களுக்குக் கொடுத்தேன். அட்டையில் இருப்பது என் பெயர். உள்ளே இருப்பது மற்றவர்கள் உழைப்பு. அதை ஊரறியச் சொல்லிவிட வேண்டும்.

தாத்தா ஒரு ‘சொல்தா’. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர். வியட்நாம் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய இந்தோசீனப் போருக்குப் போனவர். ஜூலை 14 வந்தால் மெடலைக் குத்திக்கொண்டு கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். திரும்பி வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். போரைப் பற்றி வாயே திறக்க மாட்டார். தலைக்கு மேல் விமானம் தாழப் பறந்தால் மட்டும் ‘நாம் சுவங்’ என்று முணுமுணுப்பார். ‘நாம் சரி, சுவங் யாரு தாத்தா?’ என்று கேட்டுச் சிரித்த பிள்ளைகளில் நானும் ஒருத்தன்.

பிரான்சில் இருக்கும் சித்தப்பா மகன், போ நகரத்தில் உள்ள படைவீரர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதித் தாத்தாவின் கோப்பை நகலெடுத்து அனுப்பினான். தம்பி, உனக்கு முதல் நன்றி. ஆனால் வந்தது கோழி கிளறிய கையெழுத்து.

அதைப் படித்துச் சொன்னவர் முத்தியால்பேட்டை பிரெஞ்சு வாத்தியார் ஐயா. மூன்று சாயங்காலம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். ஒரு சொல்லை ரொட்டி என்று படித்துவிட்டு, விமானத்தில் ரொட்டிக்கு என்ன வேலை என்று அரை மணி நேரம் குழம்பினார். அப்புறம் அவரே தொடையைத் தட்டி, ‘ரொட்டி (pain) இல்லப்பா, பான் (panne)! வண்டி ரிப்பேராகி நிக்கிறது’ என்றார். கதை அங்கேதான் திறந்தது.

1952. மலேரியாவில் கிடந்த தாத்தாவை ஸ்டிரெச்சரோடு ஒரு சின்ன விமானத்தில் ஏற்றியிருக்கிறார்கள். வழியில் எஞ்சின் எண்ணெய் ஒழுகி நின்றுபோக, எதிரிகள் வசமிருந்த பகுதியில், நடவு முடிந்த வயலில் இறங்கியிருக்கிறது.

இறங்கியும் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை விளக்கியவர் கடலூர் மஞ்சக்குப்பத்துப் பொறியியல் மாணவர். அந்த விமானத்தின் பெயர் மொரான் 500 ‘கிரிக்கே’. பிரெஞ்சில் வெட்டுக்கிளி. ஜெர்மானிய ‘ஸ்டோர்ச்’ விமானத்தைப் போருக்குப் பின் பிரான்சில் அந்தப் பெயரில் கட்டினார்கள். அட்டையில் ஒரு மாதிரியே செய்துகொண்டுவந்தார் அந்தத் தம்பி. கால்கள் நெட்டையாக, அசல் வெட்டுக்கிளிதான். இறக்கையின் முன்விளிம்பில் நெடுக ஒரு பட்டை. அதற்கும் இறக்கைக்கும் நடுவில் இடுக்கு. அதன் வழியே காற்று புகுந்து போவதால், வேகம் ஐம்பது கிலோமீட்டருக்கு இறங்கினாலும் விமானம் விழாதாம். ‘நம்ம டிவிஎஸ் 50 ஸ்பீடு அங்கிள்’ என்றார். சேற்றில் சக்கரம் மாட்டிக்கொண்டால் மூக்கு குத்திக் கவிழுமே என்றேன். கவிழ்ந்துதான் இருக்கிறது. கோப்பிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

கோப்பில் இன்னும் ஒரு வரி உண்டு. வயலில் இருந்த ஒரு பெண், நோயாளியை வரப்பு மறைவில் படுக்கவைத்து, ஆயுதம் ஏந்தியவர்கள் கடந்து போகும்வரை கிளம்பவிடவில்லை என்று விமானி சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை ரோந்துப் படை வந்து மீட்டிருக்கிறது.

இந்த வரியோடு குருசுக்குப்பத்துப் பாட்டியிடம் போனேன். வியட்நாமின் சைகோனில் ஒரு சொல்தாவைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர், தொண்ணூறை நெருங்குகிறார். ‘நாம் சுவங்’ என்று நான் சொன்னதும் சிரித்தார். என் உச்சரிப்பு அந்த லட்சணம். பிறகு அவரே இழுத்துச் சொல்லி, உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றை மெல்லக் கீழே அழுத்தினார். ‘படு. கீழ படு.’ வியட்நாம் மொழியில் அதுதான் அர்த்தம். பிள்ளையைத் தூங்கவைக்கவும் அதே சொல்தானாம்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

எதிரிப் பகுதி என்கிறது கோப்பு. அந்த அம்மாவுக்கு அது அவர்கள் வயல்; அடுத்தவன் பட்டாளத்தோடு போய் நடவைக் கெடுத்தவர் என் தாத்தா. அந்த அம்மாவின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தை அவருக்கென்று வெறுமையாக விட்டிருக்கிறேன். அச்சுக்கடைக்காரர் பக்கம் விடுபட்டுவிட்டதென்று இரண்டு முறை போன் செய்தார். அந்தக் கவலைக்காக அவருக்கும் நன்றி.

வாத்தியார் ஐயா, உங்கள் பூதக்கண்ணாடியைக் கொடுத்தனுப்பிவிட்டேன். பாட்டி, உங்கள் டிபன் பாக்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.