இனவழிப்பு ஆய்வு: விவாதிப்பது மறுப்பது ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழின் கட்டுரை ஒன்றில், இனவழிப்பு எது என்பதிலேயே அறிஞர்கள் ஒத்துப்போகாதபோது அதைப் பேசி என்ன பயன் என்று கேட்கப்பட்டிருந்தது. இருபது வருடம் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்தவள் நான். அந்த வரியைச் சும்மா விட மனம் வரவில்லை.

அவர்கள் எதைப் பற்றி வாதாடுகிறார்கள்? போலந்து யூதச் சட்டத்தரணி ரபேல் லெம்கின் 1944இல் 'ஜெனோசைட்' (genocide) என்ற ஆங்கிலச் சொல்லை உருவாக்கினார்; அதைத்தான் நாம் இனவழிப்பு என்கிறோம். 1948 டிசம்பர் 9இல் அதைக் குற்றமாக்கிய ஐ.நா. சமவாயம், அதாவது நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கை, நிறைவேறியது. அது சொல்லும் ஐந்து செயல்களில் கொலை ஒன்று மட்டும்தான். பிறப்பைத் தடுப்பதும், பிள்ளைகளைப் பலவந்தமாக வேறு குழுவிடம் கொடுப்பதும்கூட அதற்குள் அடங்கும். ஆகவே 'இனப்படுகொலை' என்பதைவிட 'இனவழிப்பு' என்பதே பொருத்தம் என்று மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். படுகொலை என்ற சொல் கொலையோடு நின்றுவிடுகிறது. நம் பத்திரிகைகள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவது எனக்குக் கவலைதான்.

சிக்கல் பெரும்பாலும் நோக்கத்தில். ஒரு குழுவை அழிக்கும் எண்ணம் இருந்ததென்று நிரூபிக்க வேண்டும். சர்வதேச நீதிமன்றம் 2007இல், பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995இல் முஸ்லிம் ஆண்கள் கொல்லப்பட்டதை இனவழிப்பு என்றது. அந்நாட்டின் மற்ற இடங்களுக்கு அந்த நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்றது. அங்கே பெருந்தொகைக் கொலைகள் நடந்ததை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியில் 1975 முதல் 1979 வரை 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2018இல் வந்த இனவழிப்புத் தீர்ப்போ வியட்நாமியரையும் சாம் முஸ்லிம்களையும் பற்றியது மட்டுமே. அரசியல் காரணத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் அதில் அடங்கவில்லை, ஏனென்றால் அரசியல் குழுக்களைச் சமவாயம் சேர்க்கவில்லை. இந்த எல்லைக்கோடு சரியா என்றுதான் ஆய்வாளர்கள் மோதுகிறார்கள். செத்தார்களா இல்லையா என்று அல்ல.

அடுத்தது சாட்சியம். நாஜிகள் செய்த யூதர் அழிப்பை ஆராய்ந்தவர்களில் பலர் நீண்ட காலம் கொன்றவர்களின் கோப்புகளையே பெரிதும் நம்பினார்கள். தப்பியவர்களின் நினைவு பிசகும் என்றார்கள். இப்போது இரண்டையும் சேர்த்தே படிக்கிறார்கள். இதன் அருமை நமக்குத் தெரிய வேண்டும். என் அயலில் ஓர் அம்மா, 1990இல் தன் மகனைக் கொண்டுபோனது ஆவணியில் என்பார். படிவம் நிரப்பியவர் ஆகஸ்ட் என்று எழுதிவிட்டார். பழைய தமிழ் மாதக் கணக்கில் செப்டம்பரின் முதல் பாதியும் ஆவணிதானே. அப்புறம் திகதி பொருந்தவில்லை என்று அவருடைய சாட்சியத்தையே ஒதுக்கினார்கள். தேர்ந்த ஆய்வாளர் என்றால் எந்த ஆவணி அம்மா என்று முதலில் கேட்டிருப்பார்.

அந்த வருடம் எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் அதே மாதம் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள்; செப்டம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமிருந்த தமிழர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், 9இல் சத்துருக்கொண்டானில் தமிழர் கொல்லப்பட்டார்கள். தமிழர் ஒரு பட்டியலை வைத்திருக்கிறோம், முஸ்லிம்கள் ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஆய்வு மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். இவற்றுக்கு என்ன பெயர் வைப்பது என்ற வாதம் நடக்கட்டும். அன்று முப்பது வயதாயிருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். அவர் வாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது.

இந்தச் சாட்சியங்களுக்கு ஞாயிறு இதழில் அரைப் பக்கம் ஒதுக்கித் தாருங்கள். பெயர், ஊர், திகதி, யார் கண்டது, யார் சொல்லக் கேட்டது என்று பிரித்து எழுதித் தர என் பழைய மாணவர்கள் ஆறு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இருவர் காத்தான்குடிக்காரர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
களுவாஞ்சிகுடி