திருமணப் படங்களைக் காக்கும் முறையும் கால வரம்பும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பாளையங்கோட்டை

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆல்பத்தைப் பெற்றுச் சென்று பல ஆண்டுகள் கழிந்தபின், "எங்கள் முகூர்த்தப் படங்கள் உங்களிடம் இருக்கும் அல்லவா?" என்று கேட்டு வருவோர் அண்மைக் காலமாக மிகுந்துள்ளனர். ஃபிலிம் காலத்தில் பில் எண்ணைச் சொன்னால் நெகட்டிவ் உறையைத் தேடி எடுத்துப் பிரதி போட்டுக் கொடுப்பது ஸ்டுடியோக்களின் வழக்கமாக இருந்ததால், டிஜிட்டல் படங்களும் அவ்வாறே எங்கள் அலமாரியில் என்றும் இருக்கும் என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலே அதன் நிலை தெரிந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்து அதற்குள் இருப்பது நலமாக உள்ளதா என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகவே, உங்கள் படங்களை நாங்கள் எவ்வாறு காக்கிறோம், எவ்வளவு காலம் காக்கிறோம், அதன்பின் அப்பொறுப்பு எவ்வாறு உங்களிடம் வருகிறது என்பவற்றைத் தெளிவாக எழுதிவிடுவது நல்லது என்று கருதினோம். கீழே சொல்லப்படும் கால வரம்பு, வரும் தை முதல் நாளிலிருந்து ஏற்கும் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் பொருந்தும்.

முதலில் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுக்கும் ஒரு ரா ஃபைல், அதாவது கேமரா திருத்தாமல் அப்படியே பதியும் மூலப் படம், ஏறத்தாழ 30 எம்பி இடம் பிடிக்கும். மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து நாலாயிரம் படங்கள் என்று கொண்டால், அதுவே 120 ஜிபி ஆகிறது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி எடுத்துக்கொள்ளும். இரண்டு நாள் திருமணம் ஒன்று 500 ஜிபியை எட்டுவதில் வியப்பில்லை. இதை மூன்று பிரதிகளாக வைத்தால் ஒன்றரை டெராபைட். ஆண்டுக்கு ஐம்பது திருமணங்கள் எடுக்கும் ஒரு ஸ்டுடியோவுக்கு இது 75 டெராபைட் ஆகிறது. அந்த டிஸ்க்குகளையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வாங்கி மாற்றியாக வேண்டும். எல்லாவற்றையும் காலவரையின்றி வைத்திருக்க ஏன் இயலவில்லை என்பது இக்கணக்கிலிருந்தே விளங்கும்.

மண்டபத்தில் நாங்கள் பயன்படுத்தும் கேமராக்கள் இரண்டு கார்டு பொருத்தும் வசதி உடையவை. ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டிலும் பதிவாகும்படி அமைத்திருக்கிறோம். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தக் கார்டுகள் இரண்டும் ஒரே பையில் பயணம் செய்வதில்லை. அன்றிரவே ஒன்றிலிருந்து ஸ்டுடியோவில் உள்ள இரண்டு தனித்தனி டிஸ்க்குகளுக்குப் படங்களை நகலெடுக்கிறோம். நகலெடுத்தல் முடிந்தது என்று திரையில் வருவதை மட்டும் நாங்கள் போதுமானதாகக் கொள்வதில்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, மூலத்தின் எண்ணும் நகலின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று மென்பொருளைக் கொண்டு ஒப்பிடுகிறோம். ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் எண் மாறிவிடும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத சிதைவும் இதில் அகப்பட்டுவிடும். இந்த வேலை நடக்கும்போது மின்சாரம் போனால் ஃபைல் பாதியில் நின்று கெடக்கூடும் என்பதற்காகவே யுபிஎஸ் வைத்திருக்கிறோம். மூன்றாவது பிரதியும் உறுதியாகும் வரை எந்தக் கார்டும் ஃபார்மேட் செய்யப்படுவதில்லை. அடுத்த நாளே வேறொரு முகூர்த்தம் இருந்தாலும் வேறு கார்டுகளைத்தான் எடுத்துச் செல்கிறோம். கார்டு வாங்கும் செலவை மிச்சம் பிடிப்பது இத்தொழிலில் மிகத் தவறான சிக்கனம் என்பது எங்கள் கருத்து.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில் என்னும் இந்த முறையை 3-2-1 விதி என்பார்கள். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய இவ்விதியை இன்று கணினித் துறையினரும் பின்பற்றுகின்றனர். இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. இரண்டு டிஸ்க்குகளை இணைத்து, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் தானாகவே எழுதப்படுமாறு அமைக்கும் ரெய்டு பெட்டிகளை வாங்கி வைத்துவிட்டு, பேக்அப் முடிந்துவிட்டது என்று நிம்மதியடைவோர் எங்கள் தொழிலிலேயே இருக்கிறார்கள். ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் தொடர அது உதவும் என்பது உண்மை. ஆனால் கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அது இரண்டிலும் அதே நொடியில் அழிந்துவிடும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தாலும் இரண்டும் சேர்ந்தே பூட்டப்படும். அதனால்தான் எங்கள் இரண்டாவது பிரதி, எழுதிச் சரிபார்த்தவுடன் கணினியிலிருந்து கழற்றப்பட்டு, சிலிக்கா ஜெல் இட்ட பெட்டிக்குள் போய்விடுகிறது.

மூன்றாவது பிரதி ஏன் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பதை நம் பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்து, தாமிரபரணி கரை மீறிய அந்த நாட்களில், தரைத்தளத்தில் இருந்த கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் அனைவரும் கண்டோம். ஒரே கட்டடத்தில் இருக்கும் மூன்று பிரதிகளும் வெள்ளத்துக்கும் தீக்கும் திருட்டுக்கும் முன்னே ஒரே பிரதிதான். எனவே தேர்ந்தெடுத்துத் திருத்தி முடித்த படங்களைக் கிளவுட் என்னும் இணையவழிச் சேமிப்பிலும், ரா ஃபைல்கள் அடங்கிய டிஸ்க்கை மதுரையில் உள்ள எங்கள் உறவினர் இல்லத்து மாடியிலும் வைக்கிறோம். ரா ஃபைல்களையும் கிளவுடுக்கு அனுப்பலாமே என்று இளையோர் கேட்கிறார்கள். 120 ஜிபியை இங்கிருந்து ஏற்றி முடிப்பதைவிட மதுரைக்குப் பேருந்தில் கொண்டு செல்வது விரைவானது என்பதே இன்றைய நிலை.

இவ்வளவு செய்தும் டிஸ்க்குகள் பழுதாகாமல் இருப்பதில்லை. லட்சக்கணக்கான டிஸ்க்குகளை இயக்கும் பேக்பிளேஸ் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, அண்மை ஆண்டுகளில் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு டிஸ்க்குகள் ஓராண்டுக்குள் பழுதாகின்றன. அவை குளிரூட்டப்பட்ட அறைகளில் இயங்குபவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி உங்கள் பங்கு. ஆல்பத்தோடு நாங்கள் தரும் பென்டிரைவ், படங்களை உங்கள் வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பதற்கான சாதனமே தவிர, அங்கேயே காலமெல்லாம் வைத்துக் காப்பதற்கானது அன்று. பென்டிரைவும், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க்கும் தகவலை மின்னூட்டமாகத் தேக்கி வைப்பவை. இணைக்காமல் நெடுநாள் கிடந்தால் அம்மின்னூட்டம் மெல்லக் கசியும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். தகரக் கூரைக்கு அடியில் பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே அதைப் பல கோடைகள் வைத்திருப்பது உகந்ததன்று. வீட்டுக்குச் சென்ற அந்த வாரமே இரண்டு புற ஹார்ட் டிஸ்க்குகளில் அதை நகலெடுத்து, ஒன்றை உங்களிடமும் மற்றொன்றை வேறு ஊரில் உள்ள பெற்றோரிடமோ உடன்பிறந்தோரிடமோ வைக்குமாறு வேண்டுகிறோம். ஆண்டுக்கு ஒருமுறையேனும், பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது என்று வைத்துக்கொண்டால் மறக்காது, அதைக் கணினியில் இணைத்துச் சில படங்களைத் திறந்து பாருங்கள். மிகக் குறைந்த விலையில் 2 டெராபைட் என்று விற்கப்படும் பென்டிரைவுகளை நம்ப வேண்டாம். அவற்றுள் பல, சிறிய கொள்ளளவைப் பெரிதாகக் காட்டும் போலிகள், அளவு மீறியதும் முன்பு எழுதியவற்றின் மேலேயே எழுதிவிடுபவை. திருமண வீடியோ பென்டிரைவில் ஏற மறுத்தால் அது பெரும்பாலும் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கும். அம்முறையில் 4 ஜிபியை எட்டும் ஒற்றை ஃபைலை எழுத இயலாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறிவிடும். மாற்றும்போது அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் முன்னதாக வேறிடத்தில் நகலெடுத்துவிட வேண்டும்.

கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றிவிட்டோம், ஆகவே கவலையில்லை என்போருக்கும் சில சொற்கள். 2021 ஜூன் 1 முதல் அங்கு வரம்பற்ற இலவச இடம் கிடையாது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, மின்னஞ்சலுக்கும் சேர்த்தே. இடத்தைச் சேமிக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் சுருக்கப்படும். இரண்டாண்டு தொடர்ந்து பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் உரிமையும் அந்நிறுவனத்துக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, செயலியில் ஒரு படத்தை அழித்தால் அது கிளவுடிலும் அழிகிறது. குப்பைத் தொட்டியில் 60 நாள் இருந்தபின் திரும்பக் கிடைக்காது. கூடுதல் பிரதியாக அது சிறந்தது, ஒரே பிரதியாக அன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்படும் படமோ ஏறத்தாழ 2 மெகாபிக்சலாகச் சுருங்கிவிடுகிறது. ஆல்பத்தில் 12க்கு 18 அங்குல அளவில் ஒரு பக்கம் முழுதும் அச்சிடுவதற்கு 19 மெகாபிக்சல் அளவுக்குத் தேவைப்படும். குடும்பக் குழுவில் வந்த படத்தைக் கொண்டு வந்து பெரிதாக்கித் தருமாறு கேட்போரிடம் நாங்கள் தயங்குவதற்குக் காரணம் இதுவே.

எங்கள் கால வரம்பு இது. வீடியோவின் மூலப் பதிவுகள், இறுதி வீடியோவை ஒப்படைத்த நாளிலிருந்து மூன்று மாதம் இருக்கும். ரா ஃபைல்கள், ஆல்பம் ஒப்படைத்த நாளிலிருந்து ஓராண்டு இருக்கும். திருத்தி முடித்த ஜேபெக் படங்கள், நிகழ்ச்சி நாளிலிருந்து ஐந்தாண்டு இருக்கும். ஒவ்வொரு வரம்பும் முடிவதற்கு ஒரு மாதம் முன்பு, பில்லில் நீங்கள் தந்த கைபேசி எண்ணுக்குத் தகவல் அனுப்புவோம். எண் மாறியிருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். அதற்குள் புது ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொண்டு வந்தால், கட்டணம் இன்றி நகலெடுத்து, சரிபார்த்துத் தருவோம்.

வரும் தைக்கு முன் எடுத்த நிகழ்ச்சிகளுக்கு இந்த வரம்பைக் காட்டி எதையும் அழிக்க மாட்டோம்; ஆனால் பழைய டிஸ்க்குகளில் எவை நலமாக உள்ளன என்பதை நீங்கள் கேட்டபின்பே திறந்து பார்த்துச் சொல்ல இயலும். சிடியிலும் டிவிடியிலும் படங்களைப் பெற்றுச் சென்றவர்கள் இனியும் தாமதிக்க வேண்டாம். அவற்றில் தகவலைத் தாங்கும் சாயம் வெயிலிலும் ஈரப்பதத்திலும் மங்கக்கூடியது. அவற்றைப் படிக்கும் டிரைவும் இன்றைய மடிக்கணினிகளில் அரிதாகிவிட்டது. எங்களிடம் அந்த டிரைவ் இன்னும் வேலை செய்கிறது. செவ்வாய், புதன் கிழமைகளில் மாலை நான்கு மணிக்குமேல், பில் இல்லாவிட்டாலும் தட்டுகளைக் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ நிர்வாகத்தினர்