பிரிட்ஜுக்கும் தனி மேக் முகவரி உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் கணினிப் பக்கத்தில், ஒரே லினக்ஸ் சர்வரில் இரண்டு மூன்று விஎம்களை (கணினிக்குள்ளேயே ஓடும் மெய்நிகர் கணினிகளை) ஓட்டி, பிரிட்ஜ் (அவற்றை நெட்வொர்க் அட்டையோடு இணைக்கும் மென்பொருள் பாலம்) போட்டு அவற்றை வீட்டு நெட்வொர்க்கில் சேர்ப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். டர்பனில் உட்கார்ந்து படிக்கும் எனக்கு இதெல்லாம் தமிழில் வருவதே பெரிய சந்தோஷம். ஆனால் கட்டுரை முடிந்த இடத்தில்தான் தலைவலியே தொடங்குகிறது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நாங்கள் சனிக்கிழமை நடத்தும் தமிழ் வகுப்பில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் உபுண்டு என்ற லினக்ஸ் (பெயரே எங்கள் ஊர் ஜூலுக்காரர்கள் பேசும் சொல், 2004இல் அதை ஆரம்பித்தவரும் தென்னாப்பிரிக்கர்), அதற்குள் கேவிஎம்மில் (விஎம்களை ஓட்டும் லினக்ஸ் வசதி) இரண்டு விஎம். ஒன்றில் பாட ஒலிப்பதிவுகள், இன்னொன்றில் கணக்கு வழக்கு. விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருள் தானாகத் தரும் நெட்வொர்க்கில் 192.168.122 என்று தொடங்கும் முகவரிதான் கிடைக்கும். விஎம் வெளியே போகும், ஆனால் வகுப்பிலுள்ள லேப்டாப்பிலிருந்து விஎம்மைத் தொட முடியாது. இங்கே வீட்டுக்குப் பின்னால் அவுட்பில்டிங் கட்டி வாடகைக்கு விடுவோமே, அதில் குடியிருப்பவருக்குத் தனி நம்பர் இல்லை, தபால் முன்வீட்டுக்குத்தான் வரும், அந்தக் கதைதான். பிரிட்ஜ் போட்டால் ஒவ்வொரு விஎம்முக்கும் ரூட்டரே நேராக முகவரி கொடுத்துவிடும். ஐபி முகவரி இனி நெட்வொர்க் அட்டையில் இருக்கக்கூடாது, பிரிட்ஜில்தான் இருக்கவேண்டும் என்றும் சரியாகவே சொல்லியிருந்தீர்கள்.

நீங்கள் சொல்லாதது மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்புக்கும் உள்ள தனி அடையாள எண். எங்கள் ரூட்டரில் அந்த அட்டையின் மேக் முகவரிக்கு ஒரு நிலையான ஐபி ஒதுக்கி வைத்திருந்தேன், வெளியிலிருந்து எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) நுழைவதும் அந்த ஐபி வழியாகத்தான். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் என் வீட்டில் இருந்தபடியே, உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புகள் எழுதிய நெட்பிளான் கோப்பைத் திருத்தி, அதை அமலாக்கும் 'நெட்பிளான் அப்ளை' கட்டளையைக் கொடுத்தேன். திரை அப்படியே உறைந்துவிட்டது. அப்புறம் என்ன, சாவி வைத்திருக்கும் மாமாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, என்2 சாலையில் சாட்ஸ்வொர்த்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் சர்வர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது! பிரிட்ஜ் தனக்கென்று வேறு மேக் முகவரி வைத்துக்கொண்டதால் ரூட்டர் அதைப் புது ஆள் என்று நினைத்து வேறு ஐபி கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். நெட்பிளானில் பிரிட்ஜின் கீழே அட்டையின் மேக் முகவரியை ஒரு வரியாக எழுதியிருந்தால் அந்த ராத்திரிப் பயணமே இல்லை.

'அப்ளை'க்குப் பதில் 'நெட்பிளான் டிரை' கொடுத்திருந்தாலும் தப்பித்திருப்பேன், 120 விநாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் அது பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். ஆனால் அதிலும் ஒரு கொக்கி: எஸ்டிபி (நெட்வொர்க் பாதை வட்டமாகச் சுற்றாமல் தடுக்கும் வசதி) போல பிரிட்ஜுக்கென்று தனி அமைப்புகளை எழுதிவிட்டால், அவற்றைத் திருப்ப முடியாது என்று 'டிரை' கையை விரித்துவிடும். அந்த வேலையை மெஷின் முன்னால் உட்கார்ந்துதான் செய்யவேண்டும்.

கட்டுரையில் தந்த கட்டளைகள் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவற்றை அப்படியே தட்டினால் பிரிட்ஜ் வரும், சர்வர் ஒருமுறை அணைந்து எழுந்தால் போய்விடும். லோட்ஷெடிங்கில் நாளுக்கு மூன்று தடவை கரண்ட் போய்ப் பழகிய எங்களிடம் இது செல்லாது, கோப்பில் எழுதினால்தான் நிற்கும்.

'எந்த நெட்வொர்க் அட்டையிலும் செய்யலாம்' என்ற வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். வைஃபையில் சாதாரணமாக இது நடக்காது, தன்னிடம் பதிவான மேக் முகவரியிலிருந்து வருவதை மட்டுமே ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் பெட்டி) ஏற்கும், விஎம்மின் முகவரியை அது கண்டுகொள்ளாது. வயர் வேண்டும். அதே சர்வரில் டாக்கரும் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) இருந்தால் பிரிட்ஜ் சரியாக இருந்தும் விஎம்முக்கு எதுவும் போகாமல் நிற்கலாம். டாக்கர் ஃபயர்வாலில் ஃபார்வர்டு சங்கிலியை (சர்வர் வழியே கடந்து போகும் தரவுக்கான விதிகளை) மூடிவிடுவதுதான் காரணம், பிரிட்ஜைக் குறை சொல்லி ராத்திரியெல்லாம் உட்காரவேண்டாம்.

அடுத்த வாரம் மேக் முகவரி வரியையும் 'டிரை'யையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். மாமாவுக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கவேண்டும், இன்னும் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஃபீனிக்ஸ், டர்பன்