அட்டெண்டன்ஸ் நம்பர்படி வந்த தண்ணி

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்,

நான் திண்டுக்கல்ல தையல் கடை வச்சிருக்கேன், ரெண்டு பிள்ளைங்களுக்கு அம்மா. உங்க பேப்பருக்கு இதுவரைக்கும் எழுதுனது இல்ல, போன வாரம் எங்க வீட்டு வாசல்ல நடந்த ஒரு விஷயம் மனசுல கெடந்து உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதுறேன்.

காலையில ஏழு மணிக்கு எங்க தெருவுக்கு குப்பை எடுக்குற பேட்டரி வண்டி வரும், ஓட்டிட்டு வர்ற அக்காவுக்கு எப்படியும் அம்பது வயசு தாண்டியிருக்கும். என் பையன் நாலாவது படிக்கிறான், மாடியில நின்னுக்கிட்டு "ஏய் குப்பை, நில்லு"ன்னு கத்துறான். அந்த அக்கா நிமிந்துகூட பாக்கல, வண்டிய நிறுத்திட்டு பேசாம நிக்கிறாங்க, கேட்டு கேட்டு பழகிப்போன மாதிரி. எனக்கு சுருக்குன்னுச்சு. பால் ஊத்துறவர், கேஸ் சிலிண்டர் போடுறவர் யார் வந்தாலும் "அண்ணே வாங்க"ன்னு சொல்ற பையன் இவன், இந்த ஒருத்தங்களுக்கு மட்டும் அந்த 'ங்க' எங்க போச்சுன்னு யோசிச்சேன், யோசிச்சா "குப்பை வந்துருச்சா பாருடா"ன்னு தினமும் அவன்கிட்ட சொல்றது நான்தான். 2020-லயே துப்புரவுப் பணியாளர்ங்கிற பேர தூய்மைப் பணியாளர்னு அரசாங்கம் மாத்திருச்சு, எங்க வீட்டுக்குள்ள அந்த மனுஷிக்கு குப்பைன்னே பேரு.

நான் கீழ இறங்கிப்போய் மன்னிப்பு கேட்டேன், அந்தக்கா அத பெருசா எடுத்துக்கல, குடிக்க கொஞ்சம் தண்ணி மட்டும் கேட்டாங்க. சொம்பும் டம்ளருமா கொண்டுபோனா அவங்க வண்டியில மாட்டியிருந்த பையில இருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் டம்ளர எடுத்து நீட்டி "இதுல ஊத்துங்க தாயி"ங்கிறாங்க. நம்ம கேக்குறதுக்கு முன்னாடியே அவங்களே தனி டம்ளரோட வர்றாங்க சார், எத்தன வீட்டு வாசல்ல என்னென்ன நடந்திருந்தா இப்படி ஒரு பழக்கம் வரும். எங்க டம்ளர்லயே குடிங்கக்கான்னு ரெண்டு மூணு தடவ சொன்னப்புறம்தான் வாங்கினாங்க, அப்பவும் வாய் வைக்காம அண்ணாந்து குடிச்சிட்டு, குழாயில கழுவி படியில கவுத்து வச்சிட்டு போனாங்க.

நான் படிச்சது வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். அங்க வாத்தியாருக்கு பானையில தண்ணி மோந்து கொடுக்குறது ஒரு தெரு பிள்ளைங்க, வகுப்ப கூட்டி கக்கூஸுக்கு தண்ணி ஊத்துறது இன்னொரு தெரு பிள்ளைங்க, யாரும் சட்டம் போடல, அதுபாட்டுக்கு நடந்துச்சு. 1992-ல நாலாவதுக்கு புதுசா ஒரு சார் வந்தார். வந்த ரெண்டாவது நாளே அட்டெண்டன்ஸ் நோட்ட தொறந்து, இனிமே நம்பர்படிதான்னு சொல்லிட்டார், இன்னைக்கு ஒண்ணாம் நம்பர் தண்ணி, ரெண்டாம் நம்பர் கூட்டணும், நாளைக்கு ரெண்டாம் நம்பர் தண்ணி, மூணாம் நம்பர் கூட்டணும், அம்புட்டுதான். காலனிப் பையன் ஒருத்தனுக்கு தண்ணி முறை வந்த அன்னைக்கு கை நடுங்கி பாதி தண்ணி தரையிலேயே போச்சு, மீதிய சார் வாய் வச்சு குடிச்சிட்டு "தாகம் அடங்கல, இன்னொரு டம்ளர் கொண்டாங்கப்பா"ன்னார். ஒண்ணாவது படிக்கிற பிள்ளைக்கும் வாங்க போங்கதான் அவருக்கு. எங்க தெருக்காரர் ஒருத்தர் எம்பையன எப்படி கூட்ட விடலாம்னு சண்டைக்கு வந்தப்ப, சார் சத்தம்கூட போடாம நோட்ட காட்டி "நம்பர் வந்துச்சு, கூட்டினார்"னு சொன்னார். கடைசி நம்பர் முடிஞ்ச மறுநாள் அவரே வெளக்கமாற எடுத்து கூட்டினார், நாங்க வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னோம்.

சமத்துவம்னு அவர் ஒரு நாள்கூட பாடம் எடுத்தது இல்ல. ஆனா அந்த வகுப்புல படிச்சவங்க எல்லாருக்கும் அந்த டம்ளர் ஞாபகம் இருக்கும், எனக்கு இருக்கு.

தீண்டாமைய ஒழிச்சாச்சுன்னு அரசியல் சட்டத்தோட 17-வது பிரிவு சொல்லுது, 1955-லயே அதுக்கு தண்டனைச் சட்டமும் வந்துருச்சு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பேருக்குப் பின்னாடி சாதிய போடக்கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க, அதுக்கப்புறம் நம்ம ஊர்ல இனிஷியலோட நிறுத்திக்கிறதே வழக்கமாச்சு, அது சின்ன விஷயம் இல்ல. அப்படிப்பட்ட ஊர்லதான் 2024 பிப்ரவரியில தர்மபுரி மாவட்டத்துல தோட்ட வேலைக்கு வந்தவங்களுக்கு கொட்டாங்குச்சியில டீ கொடுத்ததுக்கு ரெண்டு பேர கைது பண்ணாங்க. ரெண்டு பேரும் மாமியார் மருமக. அந்தச் செய்தியில எனக்கு இதுதான் ரொம்ப வலிச்சது, ஏன்னா குழம்பு வைக்கிற பக்குவம் மாதிரியே இதுவும் அடுப்படியில கைமாறி வருது.

2023 செப்டம்பர்ல கரூர் மாவட்டத்துல ஒரு பள்ளிக்கூடத்துல காலை உணவு சமைக்கிறவங்க அருந்ததியர்ங்கிறதால பிள்ளைங்க சாப்பிடல. ஆறு வயசு பிள்ளைக்கு உப்புமாவுல சாதி தெரியுமா சார், வீட்ல சொல்லி அனுப்புனாங்க. கலெக்டரே நேர்ல போய் அங்க உக்காந்து சாப்பிட்டார். நல்ல காரியம், மனசார பாராட்டுறேன். ஆனா கலெக்டர் ஒரு நாள் வருவார், மத்த நாள் எல்லாம் அந்தப் பிள்ளை பாக்குறது அப்பா அம்மாவைத்தான். அந்த ஊர்லயே ஒரு அம்மா தினமும் போய் பிள்ளைங்களோட உக்காந்து ஒரு கரண்டி வாங்கி சாப்பிட்டா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாத்தேன்.

என் பையன நான் அடிக்கல. மறுநாள்ல இருந்து குப்பைக் கூடைய அவனே கீழ எடுத்துட்டுப் போய் அக்கா கையில கொடுக்கணும்னு சொன்னேன், மொத நாள் கூச்சப்பட்டான், மூணாவது நாள் "அக்கா ஒரு நிமிஷம் இருங்க"ன்னு சத்தம் கேட்டுச்சு. நானும் 'குப்பை வந்துருச்சா'ன்னு வாய் வரைக்கும் வர்றத முழுங்கிட்டுத்தான் இருக்கேன், இன்னும் முழுசா போகல.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ரேங்க் எடுத்த பிள்ளைங்க போட்டோ போடுறீங்க, கட்சிக்காரங்க பொறந்தநாள் போடுறீங்க, மாவட்டப் பக்கத்துல வாரம் ஒரு நாள் கையளவு இடம் இந்த மாதிரி ஆளுங்களுக்கும் ஒதுக்குங்க, எல்லாருக்கும் ஒரே கிளாஸ்ல டீ கொடுக்குற கடைக்காரர், வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவ கூட உக்கார வச்சு சாப்பிடுற குடும்பம், ஒவ்வொரு ஊர்லயும் யாராவது ஒருத்தர் இருக்கத்தான் செய்வாங்க. மொத ஆளா எங்க சாரப் பத்தி எழுதிக் கொடுக்க நான் தயார், அவருக்கு இப்ப எண்பது வயசு ஆகுது, போட்டோவுக்கு சம்மதிப்பாரான்னு தெரியல, நான் நேர்ல போய் கேட்டுட்டு வர்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்.